தீ நின்ற பிறகு கடம்பா: ராயபுரம் வீட்டில் வெந்த ஒரு சொப்பீனோ

மீன் குழம்பு நன்றாக வைக்கத் தெரிந்தவர்களுக்குச் சொப்பீனோ என்னும் கடல் உணவுச் சாறு தானாக வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்தால், மீன் குழம்பு நன்றாக வைக்கத் தெரிந்ததே அதற்கு முதல் இடைஞ்சலாக இருந்தது. அந்த இடைஞ்சல் எங்கே வந்தது, எப்படி விலகியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கடல் உணவை இப்படிச் சாறாக வைத்துப் பார்க்க ஆசைப்படும் மற்ற வீடுகளுக்கு உதவும்.

சொப்பீனோ சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்துச் சாப்பாடு. இத்தாலியின் ஜெனோவா கடற்கரையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே போய்க் குடியேறிய மீனவர்கள் கையில் உருவானது. நண்டு, இறால், கடம்பா (தெற்கே கணவாய் என்பார்கள்), மட்டி, வெள்ளைச் சதை மீன் என்று அன்றைக்கு வலையில் விழுந்தது எதுவோ அது, தக்காளியும் பூண்டும் ஒயினும் சேர்ந்த சாற்றில் ஓட்டோடு வெந்து கிண்ணத்துக்கு வரும். தொட்டுக்கொள்ளப் புளித்த மாவு ரொட்டி. வெறும் கையோடு கரை திரும்பியவனுக்கு மற்ற படகுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்ததில் பிறந்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை நிஜமோ இல்லையோ, இதற்கென்று கட்டான பட்டியல் கிடையாது. பிரான்சின் மார்செய் நகரத்து பூயாபெஸ் என்ற மீன் சாறு அப்படி இல்லை. அதில் எந்தெந்த மீன், குறைந்தது எத்தனை வகை என்று அந்த ஊர் உணவகக்காரர்கள் 1980இல் சாசனமே எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னைக் காசிமேட்டு மீன் துறைமுகத்தில் கிடைப்பதை வைத்துச் சமைக்க நினைப்பவருக்கு இரண்டில் எது தோது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் என் அக்கா மகன். சரக்குக் கப்பலில் வேலை. ஓக்லாந்தில் கப்பல் நின்றபோது வளைகுடாவைத் தாண்டிப் போய் ஒரு கிண்ணம் சாப்பிட்டிருக்கிறான். அதிலிருந்து வேறு பேச்சில்லை. வீடு ராயபுரம். சமையலறை என் அம்மாவுடையது, அவனுக்கு ஆயா. அம்மா அடுப்பில் வைக்கும் நெத்திலி மாங்காய்க் குழம்புக்குத் தெருவே மூக்கைத் தூக்கும். அங்கே போய் ஒருவன், "புளி கிடையாது, மல்லித்தூள் கிடையாது, எல்லாத்தையும் ஒரே சட்டியில போடணும் ஆயா" என்றால் என்ன ஆகும்?

"இன்னாடா கண்ணு இது, தக்காளி ரசத்துல நண்டு வுட்ட மாதிரி?" என்றார்.

முந்தைய சட்டி

போன விடுப்பில் அவன் அதைத் தனியாகவே வைத்துப் பார்த்தான். தக்காளியைக் கொதிக்கவிட்டு, கழுவிய நண்டு, உரித்த இறால், வட்டமாக நறுக்கிய கடம்பா, வஞ்சிரத் துண்டு எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கி, மூடி போட்டு இருபது நிமிஷம் விட்டான். மண்சட்டிதான். ஆயா வீட்டில் மீன் வேறெதிலும் வேகாது. வந்து சேர்ந்தது இதுதான்: கடம்பா செருப்பு வார் பதம், இறால் சுருண்டு மாவாகிவிட்டது, வஞ்சிரம் வறண்டு நாராகப் பிரிந்தது. நண்டு மட்டும் சரியாக இருந்தது. சாறு தக்காளித் தண்ணீர். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதில் இரண்டு கரண்டி குழம்புத்தூளும் புளிக்கரைசலும் விட்டு ஒரு கொதி வரவைத்தார். எல்லோரும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது மீன் குழம்பு.

இங்கே நடந்தது என்ன? மீன் குழம்பில் புளி, மிளகாய், மல்லி மூன்றும் சேர்ந்து முதலிலேயே ஒரு சுவையைக் கட்டிவிடுகின்றன. மீன் கடைசியில் வந்து அதில் ஊறுகிறது. மல்லித்தூள் குழம்புக்குக் கெட்டித்தன்மையும் தருகிறது. மீன் கொஞ்சம் பழசானாலும் புளி காப்பாற்றிவிடும். மீன் செத்த பிறகு அதன் சதையிலிருக்கும் ஒரு பொருளை நுண்ணுயிர்கள் டிரைமெத்திலமைனாக மாற்றுவதால்தான் கவிச்சி வருகிறது. அமிலம் பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறிவிடும், மூக்குக்கு எட்டாது. சொப்பீனோவில் இந்தப் பாதுகாப்பெல்லாம் ரொம்பக் குறைவு. தக்காளியின் புளிப்பும் ஒயினின் புளிப்பும்தான் உண்டு. மசாலா என்று சொல்ல ஒன்றுமில்லை. சாற்றின் சுவை ஓட்டிலிருந்தும் தலையிலிருந்தும் முள்ளிலிருந்தும்தான் வந்தாக வேண்டும். அவனோ இறாலை உரித்து, ஓட்டையும் தலையையும் குப்பையில் போட்டுவிட்டு, சுவையில்லை என்று தேடினான். மீன் குழம்புக்கு நாம் அப்படித்தானே செய்கிறோம். அந்தப் பழக்கம் இங்கே உதவவில்லை.

தடைக்காலத்துக் கடை

இந்த முறை அவன் வந்தது மே மாதம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். வஞ்சிரம் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டிப் பறக்கும் காலம். மேற்குக் கரைத் தடை ஜூன் 1இல்தான் தொடங்குகிறது என்பதால் கேரளத்துப் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியில் லாரி மீன் வரும். நல்ல மீனாகவும் இருக்கும், நாள்பட்டதாகவும் இருக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சான்பிரான்சிஸ்கோக்காரர்களுக்கும் இப்படி ஒரு தவிப்பு உண்டு. அவர்களின் டஞ்சினெஸ் நண்டுப் பருவம் வழக்கமாக நவம்பரில் ஆரம்பிக்க வேண்டும். திமிங்கிலங்கள் நண்டு பிடிக்கும் கூண்டின் கயிற்றில் சிக்கிக்கொள்வதால் அண்மைய ஆண்டுகளில் பலமுறை தள்ளிப்போயிருக்கிறது.

தடைக்காலத்திலும் ஃபைபர் படகுகளும் நாட்டுப் படகுகளும் போய் வருகின்றன. பழவேற்காட்டிலிருந்து நண்டும் இறாலும் வரத்து உண்டு. இந்தச் சமையலுக்கு அதுவே போதும், உண்மையில் அதுதான் பொருத்தமும். வஞ்சிரத்தைத் தேடிப் போகவே வேண்டாம். வறுவலுக்கு அது ராஜா, சாற்றில் வெந்தால் வறண்டுபோகும். நாங்கள் எடுத்தது கொடுவா, தலையோடு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. சதை வெள்ளை, கெட்டி, கொழுப்புப் பிசுக்கு இல்லை. பாறை மீனும் ஆகும். மத்தி, கானாங்கெளுத்தி வேண்டாம், அவற்றின் எண்ணெய் சாற்றையே அமுக்கிவிடும். சுறா வேண்டவே வேண்டாம். அதன் சதையில் யூரியா இருக்கிறது, புளியும் பூண்டும் அள்ளிப் போட்ட புட்டுக்குத்தான் அது.

நண்டு வாங்கியதை மட்டும் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். அம்மா கூடையில் கைவிட்டு, நீலக்கால் நண்டு ஒவ்வொன்றையும் எடுத்துக் கையில் ஒரு தடவை தூக்கிப்போட்டுப் பிடிக்கிறார். கட்டை விரலால் அடிவயிற்று ஓட்டை அழுத்துகிறார். அமுங்கினால் கூடைக்கே திரும்பிப் போகும். புதுசாகச் சட்டை கழற்றிய நண்டில் ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான். கடைக்காரம்மா, "இன்னாம்மா, பொண்ணு பாக்குறியா?" என்று கேட்டும் அவர் நிறுத்தவில்லை. கிலோவுக்கு ஆறு தேறின.

இறால் அரை கிலோ, தலையோடு. வெட்டிக் கொடுக்கும் அம்மா வழக்கம்போலத் தலையைக் கிள்ளி எறியப் போனார். மருமகன் பாய்ந்து போய் ஒரு பையை நீட்டினான். கொடுவாவின் தலையும் நடுமுள்ளும் அதே பைக்குள் போயின, செவுள் மட்டும் வெளியே. செவுளில் இரத்தம் நிற்கும், சாற்றைக் கலக்கிக் கசப்பாக்கும். கடம்பா அரை கிலோ.

மட்டியும் ஆளியும் இல்லாமல் சொப்பீனோவா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றது நான். இந்த ஓட்டுயிர்கள் தண்ணீரை வடிகட்டியே வாழ்பவை. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அவற்றின் சதையில் சேரும். எண்ணூர் முகத்துவாரத்தைச் சுற்றி இத்தனை ஆலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் கலந்ததைச் சென்னைக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எந்தத் தண்ணீரில் எடுத்தது என்று தெரியாத மட்டியை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு மனமில்லை. இடம் தெரிந்து வாங்க முடிந்தவர்கள் தாராளமாகப் போடலாம், மணல் கக்கும் வரை உப்புத் தண்ணீரில் வைத்திருந்து.

ஒயினுக்குப் பதில்

இதில் நேரம் வீணாக்கத் தேவையில்லை, ஆனால் எல்லோரும் கேட்பது இதைத்தான். தேவைப்படுவது இனிப்பில்லாத, புளிப்பான வெள்ளை ஒயின். இங்கே மலிவாகக் கிடைக்கும் சிவப்பு போர்ட் ஒயின் இனிப்பு, அதை ஊற்றினால் சாறு பாயசத்துக்குத் தங்கச்சி ஆகிவிடும். மே மாதத்தில் சென்னையில் புளிப்புக்கா பஞ்சம்? ஒரு சின்ன மாங்காயில் நான்கு கீற்று போட்டு, சாறு கொதித்ததும் எடுத்துவிட்டோம். இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை. தக்காளி நாட்டுத் தக்காளி. பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம், புளிப்பு போதாது. அங்கே பெருஞ்சீரகச் செடியின் கிழங்கு போன்ற அடிப்பகுதியை நறுக்கிப் போடுவார்கள். நம் டப்பாவில் இருக்கும் சோம்பு அதே செடியின் விதைதான், ஒரு தேக்கரண்டி போதும். அவர்கள் தூவும் பேசில் இலைக்கு, பூக்காரம்மாவிடம் திருநீற்றுப் பச்சிலை. "சாமிக்குப் போடுறதைப் போய் நண்டுல போடுறானே" என்று அம்மா முணுமுணுத்தார், ஆனால் கிள்ளிக் கொடுத்ததும் அவர்தான்.

அடிச்சாறு

முந்தைய சட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால் பங்கு இங்கேதான். அகலமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் இறால் தலையும் ஓடும் விழுந்தன. சாம்பல் நிறத்தில் இருந்தவை ஒரு நிமிஷத்தில் ஆரஞ்சுக்குத் திரும்பின. அந்தச் சிவப்பு நிறமி முதலிலிருந்தே ஓட்டுக்குள் இருப்பதுதான், ஒரு புரதம் அதைப் பிடித்து மறைத்து வைத்திருக்கும். சூட்டில் புரதம் சிதைந்ததும் நிறம் வெளியே வருகிறது. அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. ஓட்டை நேரே தண்ணீரில் போட்டு அவித்தால் வராத நிறமும் மணமும் வறுத்தால் வருவதற்கு இது ஒரு காரணம். ஐந்தாறு நிமிஷம் வறுத்து, கரண்டியின் முதுகால் தலைகளை அழுத்தி நசுக்கினான். மஞ்சள் கொழுப்பு வெளியே வழிந்து எண்ணெய் செம்பழுப்பாயிற்று. சமையலறையில் சுட்ட கருவாட்டுக்கும் வறுத்த முந்திரிக்கும் நடுவில் ஒரு வாசனை. அடுத்த அறையிலிருந்து அம்மா, "அத்த கீழ கொட்டிடாதே" என்று குரல் கொடுத்தது அப்போதுதான்.

பிறகு கொடுவாத் தலை, முள், நான்கு மிளகு, ஒரு வெங்காயத் துண்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். தளதளவென்று கொதிக்கவிடாமல் ஓரத்தில் மட்டும் குமிழ் வரும் சூட்டில் 25 நிமிஷம். மீன் முள் ஆட்டு எலும்பு மாதிரி மணிக்கணக்கில் வேகக் கூடாது, அரை மணிக்கு மேல் போனால் கசப்பும் சுண்ணாம்பு ருசியும் ஏறும். வடிகட்டியதும் அவன் ஒரு டம்ளரில் ஊற்றி ஆயாவிடம் நீட்டினான். உப்புகூடப் போடாத சாறு. அவர் குடித்துவிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினார்.

தக்காளி வேலையை அவரிடமே விட்டோம், அதில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலிவ் எண்ணெயில் பெரிய வெங்காயம் இரண்டு, பத்துப் பல் பூண்டு, சோம்பு, கிள்ளிய காய்ந்த மிளகாய் நான்கு, ஒரு கிலோ தக்காளி. நல்லெண்ணெய் வேண்டாம் என்று அவன் கெஞ்சி வாங்கிய ஒரே சலுகை அந்த எண்ணெய்தான். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை கிளறினார். முந்தைய சட்டியில் இந்தப் பதம் வராமலே தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. தக்காளியில் குளூட்டமேட் என்ற சுவைப்பொருள் உண்டு. மீனிலும் ஓட்டுயிரிலும் வேறு வகைச் சுவைப்பொருள்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே இருப்பதைவிடச் சுவை பல மடங்காகத் தெரியும். அதற்குத் தக்காளி சுண்டியிருக்க வேண்டும், சாறு அடர்த்தியாக இருக்க வேண்டும். மீன் குழம்பில் மசாலா செய்யும் வேலையை இங்கே இந்த இரண்டும்தான் செய்கின்றன.

சட்டியில் இறங்கிய வரிசை

எந்தப் பாத்திரம் என்பதில் ஒரு சண்டை. அலுமினியக் குண்டானில் தக்காளிப் புளிப்பு பட்டால் உலோக ருசி ஏறும், ஆகவே அது இல்லை. அவன் எவர்சில்வர் கேட்டான். அம்மா மண்சட்டியை விடவில்லை. கடைசியில் மண்சட்டிதான் ஜெயித்தது. ஆனால் முந்தைய தடவை கடம்பா கெட்டதில் அதற்கும் பங்கு உண்டு என்பது பேச்சில்தான் வெளியே வந்தது.

"அடுப்பை அணைச்சப்புறமும் கொதிச்சிக்கிட்டே இருந்திச்சே ஆயா, அதான் மாமா போட்டோகூட எடுத்தாரு."

"மண்சட்டின்னா அப்டித்தான்டா கொதிக்கும். அதனாலதானே நான் மீனைப் போட்டதும் அணைக்கிறேன்."

மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தீ நின்ற பிறகும் சில நிமிஷம் கொதிக்கும். கடம்பாவுக்கு இரண்டே வழிதான் உண்டு: ஒன்றிரண்டு நிமிஷத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முக்கால் மணி நேரம் வேகவிட்டு மறுபடி மெதுவாக்க வேண்டும். நடுவில் நின்றால் ரப்பர். இருபது நிமிஷ வேக்காடும் அதற்கு மேல் சட்டியின் சொந்தக் கொதிப்பும் சரியாக அந்த நடுவில் விழுந்திருக்கின்றன. அம்மாவின் கை இதை எப்போதோ கற்று வைத்திருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வரிசையை அவரே பிடித்தார். தக்காளியும் அடிச்சாறும் சேர்ந்து கால் மணி நேரம் கொதித்ததும், நான்காக உடைத்த நண்டு, கொடுக்கை அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டி. எட்டு நிமிஷம். அடுத்து பெரிய துண்டுகளாகக் கொடுவா, கரண்டி போடாமல் சட்டியை மட்டும் ஆட்டிவிட்டு நான்கு நிமிஷம். இறால் விழுந்து ஓரம் சிவந்ததும் தீயை அணைத்தார். கடம்பா இறங்கியது அதற்குப் பிறகு, சட்டியின் சொந்தச் சூட்டில் வேக. மூடி. உப்பைப் பார்த்தது கடைசியில்தான். நண்டு தன் பங்குக்கு உப்பு விடும், முதலிலேயே போட்டால் கூடிவிடும். எலுமிச்சை, பச்சிலை, மேலே கொஞ்சம் எண்ணெய். மூடியைத் திறந்தபோது கடம்பா வளையங்கள் பால் வெள்ளையில், ஓரம் லேசாகச் சுருண்டு நின்றன. பல் பட்டதும் அறுந்தது.

பந்தியில்

பெரியவர்கள் ஆறு பேர் சாப்பிட்டோம், தாராளமாக இருந்தது. பேக்கரியில் வாங்கிய கெட்டி ரொட்டியைப் பூண்டு தேய்த்துத் தோசைக்கல்லில் வாட்டினோம். இதற்குச் சோறு சரிப்படவில்லை. மல்லித்தூள் இல்லாத சாறு சோற்றில் ஒட்டாமல் தட்டின் அடிக்குப் போய்விடுகிறது. அத்தான் பிடிவாதமாகச் சோற்றில்தான் ஊற்றினார், பிறகு ரசம் மாதிரித் தட்டைத் தூக்கிக் குடித்தார். பரோட்டா நன்றாகச் சேரும் என்பது என் கணிப்பு.

ஒரு விஷயம் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது. எதிர்வீட்டு அக்காவுக்கு நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடித்துவிடும். மீன் குழம்பென்றால் பார்த்துப் பரிமாறலாம். இதில் மீன் துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தால் தீராது, சாறே ஓட்டில் பிறந்தது. அடிச்சாற்றுக்கு முன்பே அவருக்கென்று ஒரு கொடுவாத் துண்டை வேறு சட்டியில், தக்காளியில் மட்டும் வேகவைத்தோம். ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் கரண்டியைக்கூட மாற்ற வேண்டும்.

அம்மாவின் தீர்ப்பு ஒரே வரி: "காரம் பத்தல, ஆனா மீன் மீனா இருக்குது."

மறுநாள்

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது நம் நம்பிக்கை, அது சரியும்கூட. சொப்பீனோ அப்படி இல்லை. மறுபடி சுட வைத்தால் இறாலும் கடம்பாவும் விறைக்கும். வைத்த வேளையிலேயே சதையைத் தீர்த்துவிட வேண்டும். சாறு மட்டும் மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உறைபெட்டியில் என்றால் இன்னும் பல நாள் தாங்கும். இறால் வாங்கும்போதெல்லாம் தலையையும் ஓட்டையும் சேர்த்து உறைய வைத்துக்கொண்டால் அடுத்த தடவை அடிச்சாற்றுக்குத் தனியாகத் தேட வேண்டாம். தடைக்கால விலைக்கு அது பெரிய உதவி.

எங்கள் வீட்டில் இரண்டு டம்ளர் சாறு மிஞ்சியது. காலையில் அம்மா அதில் நெல்லிக்காய் அளவு புளி கரைத்து, ஒரு கரண்டி மிளகாய்த்தூள் போட்டு, காசிமேட்டில் வாங்கிவரச் சொன்ன காரப்பொடி மீனை இறக்கினார். இட்லிக்கு. மருமகன் எதுவும் சொல்லவில்லை, தட்டை நீட்டினான்.